கல்யாண உற்சவக் கேசட்டில் வாசித்தது யார்

யோசனை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கொட்டகையில் கிடந்த பழைய குழாய் ஸ்பீக்கருக்குள் கையை விட்டபோது. எலி இருக்கும் என்று பயந்துகொண்டேதான் விட்டேன். கையில் பட்டது ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால் உள்ளே கேசட்டுகள்.

அப்பா மைக் செட் வைத்திருக்கிறார். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அப்பாவின் வண்டிதான் போய் நிற்கும். இப்போது எல்லாரும் பெட்டி ஸ்பீக்கரும் கலர் விளக்கும் கேட்கிறார்கள். அதற்கு இடம் வேண்டுமென்று பழைய குழாய்களை இரும்புக்காரரிடம் போட முடிவு செய்திருந்தார். இரும்புக்காரர் வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா இது மூட்டை?"

"அதுவா? அப்பப் புடிச்சது. அதிராம்பட்டினத்துல துபாய்லேர்ந்து வந்த பாய் ஒருத்தர்கிட்ட டேப் ரெக்கார்டர் வாங்கினேன்ல. புதுசு, கை சும்மா இருக்கல. மைக் கட்டின எடத்துலல்லாம் புடிச்சேன்."

ஒவ்வொரு கேசட்டிலும் பால்பாயிண்ட் பேனாவால் அப்பாவின் கோழிக்கிறுக்கல் எழுத்து. 'நூலகக் கூட்டம்.' 'மாமா மகன் கல்யாணம், பாதி.' 'மழையில் நின்றது.' அதற்கு அடியில் ஒன்று. எங்கள் பக்கத்தில் யாராலும் மறக்க முடியாத நாயனக்காரர், அதாவது நாகஸ்வரக்காரர், ஒருவரின் பெயரை எழுதி, பக்கத்தில் 'செட், கல்யாண உற்சவம்' என்று போட்டிருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் சாமிக்கு நடக்கும் கல்யாணம். அவர் பெயரை இங்கே எழுத வேண்டாமென்று தீர்மானித்திருக்கிறேன். வித்வான் என்றே சொல்கிறேன். தஞ்சாவூரில் ஒரு தெருவுக்கே அவர் பெயர். எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில்கூட அவர் படம் இருக்கிறது, கண்ணாடிக்கு மேலே, நாயனத்தை மடியில் கிடத்திக்கொண்டு. அப்படிப்பட்டவரைத்தான் எடைக்குப் போடப் போகிறோம்!

"அண்ணே, கொழாய மட்டும் எடுத்துக்குங்க. இத நான் தர மாட்டேன்" என்று கத்தினேன்.

இரும்புக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "விடுங்க. எம்பொண்ணுக்கு இந்த மாசக் கிறுக்கு இதான்" என்றார்.

அப்பா சொன்னதில் நியாயம் உண்டு. நான் பொறியியல் படித்துவிட்டு வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் சோதிக்கிறேன். மீதி நேரத்தில் தொடங்கி முடிக்காமல் விட்டவை: மாடியில் காளான், வாய்க்கால்களுக்கு ஒரு வரைபடம், வயலுக்கு வரும் பறவைகளைப் பட்டியலிடும் ஒரு செயலி. செயலியில் கொக்கு மட்டும் ஏறியிருக்கிறது. ஆனால் இது அப்படியில்லை என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது. டெல்டா முழுக்க எத்தனை மைக் செட்காரர்கள்! பெரிய பெரிய வித்வான்களும் எழுத்தாளர்களும் பேசிய, வாசித்த மேடைகளுக்கெல்லாம் ஒயர் இழுத்தவர்கள் இவர்கள்தானே? வானொலியிடம் இல்லாதது இவர்கள் கொட்டகையில் கிடக்கும். எல்லாவற்றையும் திரட்டி இணையத்தில் ஏற்றவேண்டியது. அரை மணி நேரத்தில் சேனலுக்குப் பெயர் வைத்து, படமும் வரைந்துவிட்டேன்.

முதலில் ஏற்றியது நூலகக் கூட்டம். பரிசெல்லாம் வாங்கிய, எங்கள் ஆற்றங்கரையைப் பற்றியே எழுதிய எழுத்தாளர் ஒருவர் பேசியது. ஆவலோடு கேட்டேன். அவர் பாதி நேரம் பஸ் சரியாக வராததைப் பற்றிப் பேசுகிறார். பிறகு, "என் கதை ஏதாவது படிச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறார். நீண்ட அமைதி. ஒரு குரல் மட்டும், "மைக்கக் கிட்ட வச்சுப் பேசுங்க சார்" என்கிறது. அப்புறம் சினிமாப் பாட்டு. அப்பா அதன் மேலேயே பிடித்துவிட்டார். நூறு பேர்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் அது யார் குரல் என்பதில் ஒரு குழப்பமும் கிடையாது. தலைமை தாங்கியவர் பெயரை ஐந்து முறை சொல்லி மாலை போடுகிறார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், குழப்பம் அடுத்த கேசட்டில் தொடங்கியது. அதில் என் பங்கும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வித்வானின் கேசட்டைப் போட்ட அன்று எனக்கு ஆபீஸ் மீட்டிங். ஒரு காதில் மேலாளர், இன்னொரு காதில் கேசட். முதலில் அப்பாவின் இளம் குரல், "ஹலோ, ஹலோ." பிறகு யாரோ பேசுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள், பாத்திரம் உருளுகிறது, மைக்கைத் தட்டுகிறார்கள். மூன்று நான்கு நிமிடம் இப்படியே. வெறும் சத்தம்தானே என்று கணினியில் பதிவதற்கான பொத்தானை நான் அழுத்தவில்லை. சீவாளி என்கிறார்களே, நாயனத்தின் வாயில் செருகும் அந்தச் சின்ன நாணல் துண்டு, அதை ஊதிப் பார்க்கும் சத்தம் வந்த பிறகுதான் அழுத்தினேன். நாற்பது நிமிடம். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் மேலாளர் என் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. நாயனம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இனி அங்கே ஒன்றும் இல்லை என்று நினைக்கும்போது இன்னொன்றை எடுத்துக் காட்டியது.

முடிந்ததும் தொடக்கத்துக்கு ஓட்டினேன். பழைய பிளேயர். நாடாவைத் தின்றுவிட்டது. இழுத்ததில் அறுந்து, முதல் சில நிமிடத்து நாடா இடியாப்பம் மாதிரி என் கையில் வந்தது. நல்லவேளை, பாட்டை எடுத்துவிட்டோம் என்று நினைத்து அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன்.

வித்வான் பெயரோடு ஏற்றினேன். இரண்டே நாளில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். "சகானா ராகம்! இப்படி ஒரு சகானா இருந்ததே தெரியாது" என்று ஒருவர். "சிங்கம்" என்று ஒருவர். கும்பிடும் கைகள் வரிசையாக. நான்காம் நாள் வித்வானின் பேரன் தஞ்சாவூரிலிருந்து பேசினார். வங்கியில் வேலை, நாயனம் தெரியாது, தாத்தாவின் நூற்றாண்டு விழாவை முன்னின்று நடத்துகிறவர். விழா தொடங்கும்போது இதைத்தான் ஒலிக்க விடப்போகிறார்களாம். பதிவு செய்த அப்பாவுக்கு மேடையில் பொன்னாடை.

அப்பாவிடம் சொன்னேன். "எனக்கா?" என்றார். பிறகு, "அந்த மேடைக்கு மைக் யாரு கட்டறா?" என்று கேட்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. பிறகு பதிவின் அடியில் ஒரு வரி வந்தது. 'இது எங்க அப்பா வாசிச்சது. பெரியவர் இல்லை. தயவுசெஞ்சு பேசவும்.' கூடவே ஒரு எண்.

பேசினேன். கும்பகோணத்தில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிற அம்மா. அவருடைய அப்பா வித்வானின் செட்டில் இரண்டாம் நாயனம். செட் என்றால் நாயனம் இரண்டு, தவில், தாளம், சுருதி எல்லாம் சேர்ந்தது. முதல் நாயனக்காரர் பெயரில்தான் செட் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வாசிக்கிறவர் இரண்டாம் நாயனம். அவர் பெயர் அழைப்பிதழில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. போனில் ஒன்றும் தெளியவில்லை. மறுநாளே பஸ் ஏறினேன்.

கடை ஒரு சந்துக்குள். பட்டுக்கடைகளிலிருந்து ஜாக்கெட் துணியோடு நேராக இங்கே வருகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. ஊசியை எடுக்காமலே, "உக்காரும்மா" என்றார்.

"ஆன்ட்டி, எப்படி உங்க அப்பான்னு சொல்றீங்க?"

"நீ எப்படி பெரியவர்னு சொன்ன?"

"கேசட்ல எழுதியிருந்துச்சு."

"எழுதினது யாரு?"

"எங்கப்பா."

"என்னோடதும் அப்பாதான்" என்று சிரித்தார். ஊசி விழாமல் எப்படிச் சிரித்தார் என்று இப்போதும் தெரியவில்லை.

என் போனையும் ஹெட்போனையும் வாங்கி மாட்டிக்கொண்டார். இதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருப்பார். இருந்தும் முதல் நிமிடத்திலேயே கையைத் தூக்கி, "இந்தா, இது" என்றார். சீவாளியை ஊதிப் பார்க்கும் இடம். "மூணு தடவ சும்மா ஊதுவாரு. நாலாவது ஊதறப்ப வாசிக்க ஆரம்பிச்சிருப்பாரு. நாங்க புள்ளைங்க கூடவே விரல் விட்டு எண்ணுவோம்." தொடர்ந்து கேட்டார். இருபதாவது நிமிடத்தில் ஒரு இருமல் வரும். அங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த இருமலை மறுபடி ஓட்டிக் கேட்டார்.

அவருக்கு அப்போது எட்டு வயது. உற்சவத்துக்குப் போன அப்பா திரும்பி வந்து, "இன்னிக்கு அண்ணன் ஒடம்பு சரியில்லன்னு வரல, நான்தான் பூராவும் வாசிச்சேன்" என்று சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது. வித்வானை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாராம். எந்த வருடம், எந்த ஊர் உற்சவம் என்பது நினைவில்லை. எங்கள் ஊராகவும் இருக்கலாம்.

"போட்டோ ஏதாவது?"

இருந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. வித்வான் நடுவில் தெளிவாக இருக்கிறார். பக்கத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேராக மைக் ஸ்டாண்டு நிற்கிறது. ஒரு காதும் நாயனத்தின் முனையும் தெரிகின்றன. எனக்குக் கூசிப்போயிற்று, அது எங்கள் மைக்காகக்கூட இருக்கலாமே என்று.

"பெரியவர் பேர எடுக்கச் சொல்லலம்மா. அவரு இல்லன்னா எங்கப்பாவுக்கு நாயனமே கெடையாது. எங்கிட்ட எங்கப்பா வாசிச்சது ஒரு நிமிஷம்கூட இல்ல. ஊர்ல எல்லாரும் நல்லா வாசிப்பாருன்னு சொல்லுவாங்க. எம்மவன் கேக்கறான், எப்படி வாசிப்பாருன்னு. தையல் மிஷின வச்சிக்கிட்டு நான் என்னத்த வாசிச்சுக் காட்டுவேன்? இது அவருதானான்னு தெரிஞ்சா போதும். மேடையில போட்டு பெரியவர்னு சொல்லிட்டாங்கன்னா, அப்பறம் நானே கேட்டாலும் எனக்கு பெரியவராத்தானே கேக்கும்?"

அவர் காபி வாங்கிக் கொடுத்தார். என் சட்டைத் தோளில் தையல் விட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "கழட்டாத, அப்படியே நில்லு" என்று நின்ற இடத்திலேயே ஊசி போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் முழுக்க ஒரு கணக்கு. அவர் சொல்வது சரியென்றால் நான் ஒரு மனிதரின் ஒரே வாசிப்பை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். தவறென்றால்? எட்டு வயதுப் பெண் கேட்ட ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வித்வானிடமிருந்து பிடுங்குவேனா? நீடாமங்கலம் வரும்போது ஆன்ட்டி பக்கம் இருந்தேன். மன்னார்குடியில் இறங்கும்போது எந்தப் பக்கமும் இல்லை.

தெரிந்தவர்களைக் கேட்டுப் பார்த்தேன். இசைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், "சந்தேகமே இல்லை, வித்வான்தான்" என்று எழுதினார். ஒரு தவில்காரர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "அவரில்லை" என்றார். இன்னொருவர், "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிக்கறாங்க, காது இல்லையா ஒனக்கு?" என்று என்னைத் திட்டினார். வித்வானிடமே கற்று அவர் பக்கத்திலேயே இருபது வருடம் உட்கார்ந்தவர் அவரைப் போலத்தான் வாசிப்பார் என்று மூவருமே சொன்னார்கள். அதையும் ஆளுக்கொரு பக்கத்துக்குச் சாட்சியாகச் சொன்னார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஆள். அதுவும் வீட்டிலேயே. அவரை ஏன் கடைசியாகக் கேட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, பெயரை எழுதி வைத்திருக்கிறாரே என்று நினைத்திருப்பேன்.

அப்பா முற்றத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ப்பா, அந்தக் கல்யாண உற்சவத்துல வாசிச்சது யாரு?"

"எழுதியிருக்கேன்ல."

"அவர்தானா? இல்ல இன்னொருத்தரா?"

"செட்டு அவரோடது. செட்டுக்காரர் பேரத்தான் எழுதுவாங்க. நம்ம பையன் போய் மைக் கட்டினாலும் எம்பேர்தானே சொல்றாங்க?"

"அது இல்லப்பா. வாசிச்ச ஆளு யாருன்னு நீ பாத்தேல்ல?"

அப்பா ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "கேட்டேன்" என்றார்.

"பாத்தியான்னு கேக்கறேன்."

"பாக்கல."

எனக்குப் புரியவில்லை. மைக் கட்டியவர், ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தவர், நாற்பது நிமிடம் பதிவு செய்தவர், வாசித்த ஆளைப் பார்க்கவில்லையா? நான் சத்தம் போட்டேன் என்று நினைக்கிறேன். அப்பா சாவியை எடுத்தார். "வண்டில ஏறு" என்றார்.

கோயில் எங்கள் தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நாற்று நட்டு பத்து நாளாகியிருந்த வயல்களைத் தாண்டி, வாய்க்கால் பாலம் ஏறி, கோயில் தெரு முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். அங்கே தொடக்கப் பள்ளி. விடுமுறை நாள். தாழ்வாரத்தில் ஆடு படுத்திருந்தது.

"இங்கதான் ஆம்ப்ளிஃபயர்."

"மண்டபம்?"

கையை நீட்டினார். தெரு அங்கே வளைகிறது. வளைவில் ஒரு மாடி வீடு. அதற்கப்பால் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. மண்டபம் எங்கே இருக்கிறது என்பதை யூகிக்கத்தான் வேண்டும்.

"இங்கேர்ந்து அங்க வரைக்கும் ஒயரா?"

"ரெண்டு உருளை. நடுவுல ஒட்டு. கோயில் காவல்காரர் வந்து மைக்கை வாங்கிக்கிட்டுப் போவாரு. அங்க வச்சிட்டு வந்து, வச்சாச்சுன்னு சொல்லுவாரு. நான் சுவிட்ச்சப் போடுவேன்."

"நீ ஏன் போகல?"

"யாரும் போகாதன்னு சொல்லல."

"அப்ப போகவேண்டியதுதானே?"

அப்பா சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. "போகல பாப்பா. அப்ப நம்ம தெருவுலேர்ந்து யாரும் இந்த வளைவத் தாண்டிப் போறதில்ல. அவங்களும் போகாதன்னு சொல்லல, நாங்களும் போறோம்னு சொல்லல. எங்கப்பா இவங்க வயல்ல வேல பாத்தவரு. நான் மைக் வச்சிருந்தேன். மைக்கு போச்சு. நான் இங்க இருந்தேன்."

"கண்ண மூடிக்கிட்டுக் கேட்டியா?"

"தொறந்துதான் இருந்துச்சு. எதுத்தாப்ல டீக்கடை தெரிஞ்சுது."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சென்ற வருடம் இதே உற்சவத்துக்கு மண்டபத்துக்குள்ளேயே நின்று, பெட்டியை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று அர்ச்சகரையே நகரச் சொன்னவர் இவர்தான். நானும் கூட இருந்தேன். அந்த மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தேன். இந்த வளைவு அப்போது எனக்கு வெறும் வளைவு. இப்போது என்னவாகத் தெரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோபம் வரவேண்டும் போல இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஆட்டின் மேல்தான் வந்தது, விரட்டினேன்.

"வித்வானப் பாத்ததே இல்லையா நீ?"

"கார்ல ஏறறப்பப் பாத்துருக்கேன். அது வேற வருஷம்." கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்குக் காவல்காரர் மைக்க வாங்கறப்ப ஏதோ சொன்னாரு. அவரு வரல, இவரு வந்திருக்காருன்னு சொன்னாரா, இல்ல ரெண்டு பேரும் வந்தாச்சுன்னு சொன்னாரா... சொன்னாருன்னு வச்சிக்க, செட்டு பேரத்தானே நான் எழுதியிருப்பேன்."

காவல்காரர் இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்து பேரனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லிவிட்டேன், வளைவு உட்பட.

"தாத்தா அந்த வருஷம் போனாரா இல்லையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான் பொறக்கவே இல்ல. யார் வாசிச்சிருந்தாலும் செட்டு தாத்தாவோடது, பாணி தாத்தாவோடது. அப்படிப் பாத்தா தப்பு ஒண்ணும் இல்லையே?"

"தப்பு இல்லன்னா, இரண்டாம் நாயனம் வாசிச்சதுன்னு சொல்லிடலாமா சார்?"

"அது எப்படிங்க, உறுதியாத் தெரியாம?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்லட்டுமா? எங்க வீட்ல இருக்கறதெல்லாம் வானொலிக்கு வாசிச்சது. பத்து நிமிஷம், பன்னெண்டு நிமிஷம். கடிகாரத்தப் பாத்துக்கிட்டு வாசிச்சது. எங்கப்பா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, தாத்தா நேரம் எடுத்துக்கிட்டு வாசிச்சத நீ கேட்டதில்லடா, கேட்டதில்லடான்னு. இதக் கேட்டப்ப, சரி, கேட்டுட்டேன்னு நெனச்சேன். இப்ப நீங்க வந்து இப்படிச் சொல்றீங்க."

தெரு பெயர், படம், நூற்றாண்டு விழா எல்லாம் இருக்கிற வீட்டிலும் தையல் கடையில் இல்லாத அதே நாற்பது நிமிடம்தான் இல்லை. இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்கமாவது எனக்குப் பிடிக்காமல் போயிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

பதிவின் தலைப்பைத் திருத்த உட்கார்ந்தேன். வித்வான் பெயரை எடுத்தேன். திரும்பப் போட்டேன். இரண்டு பெயரையும் போட்டேன். அது நிச்சயமாகப் பொய்யாக இருக்குமோ என்று எடுத்தேன். கேள்விக்குறி போட்டேன். கேள்விக்குறியைப் பார்த்து ஒருவர், "வித்வானையே சந்தேகப்படுகிறாயா?" என்று எழுதினார். கடைசியில் பதிவை யாரும் பார்க்க முடியாதபடி மூடி வைத்தேன். மூடிய பிறகும் தலைப்பு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கவர் நினைவுக்கு வந்தது. அறுந்துபோன முதல் சில நிமிடம். சத்தம் என்று நான் பதியாமல் விட்டது. காவல்காரர் மைக்கைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அப்பா சுவிட்சைப் போட்டிருக்கிறார். மைக்குக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் பேசியது, யாரோ யாரையோ எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது, யார் வந்தார் யார் வரவில்லை என்பது, எல்லாம் அதில் இருக்கலாம். நான் அதை ஒரு முறை கேட்டும் இருக்கிறேன், மேலாளர் பேசிக்கொண்டிருந்தபோது. யாரோ "அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டது போல ஒரு நினைவு வருகிறது. கும்பகோணத்துக்குப் போய் வந்த பிறகுதான் அந்த நினைவு வருகிறது. அதனால் அதை நம்பப் பயமாக இருக்கிறது.

கவரை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், பொத்தானை அழுத்தாததையும். திட்டுவார் என்று பார்த்தேன். நாடாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கசங்கியிருக்கு. கிழியல. ஒட்டலாம்."

"எத்தன தடவ ஓடும்?"

"ஒரு தடவ ஓடும். அப்பறம் ஒட்டு விட்டுரும். உங்க ஆபீஸ் பேச்சையெல்லாம் நிறுத்திப்புட்டு ஒக்காரணும்."

"பொன்னாடை?"

"அத அப்பறம் பாத்துக்கலாம். அதுல ஒண்ணும் வராட்டி, மேடையில நானே சொல்லிடறேன், கேட்டேன், பாக்கலன்னு. அதுக்குப் பொன்னாடை போட்டா போடட்டும்."

ஒரு வாரமாக அப்பா தினமும் காலையில் பிளேடும் செல்லோ டேப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கசங்கிய நாடாவை வெள்ளைத் துணியில் கிடத்தி விரலால் நீவுகிறார். என் கை படக் கூடாது. மன்னார்குடியிலுள்ள இன்னொரு மைக் செட்காரரிடமிருந்து நல்ல பிளேயர் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். அதில் வேறு பத்து கேசட்டுகளை ஓட்டிப் பார்த்தாயிற்று, எதையும் தின்னவில்லை.

ஆன்ட்டிக்குச் சொன்னேன். "கடைய மூடிட்டு வர்றேன். பெரியவர் பேர் வந்தாலும் சொல்லிடு, மறைக்காத" என்றார். பேரனுக்கும் சொன்னேன். அவர் தஞ்சாவூரிலிருந்து வருகிறார். இருவரும் இதுவரை சந்தித்ததில்லை. எங்கள் வீட்டில் எங்கே உட்கார வைப்பது, யாரை யார் பக்கத்தில் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஒருவேளை பெயர் வரும். ஒருவேளை பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் வரும். எது வந்தாலும் தலைப்பை அப்புறம் எழுதலாம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, கணினியில் பதியும் பொத்தானை அழுத்தி, ஓடுகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் கேசட்டைப் போடுவேன்.